பொருள் மூன்று

தாமான் கெலாடி ஜெயா குடியிருப்போர் சங்கம்.
பொருள் ஒன்று, அடைத்துக்கொண்ட கால்வாய்.
பொருள் இரண்டு, லோரோங் ஐந்தில் எரியாத விளக்கு.
பொருள் மூன்று என்று நான் எழுதியது
‘சக்காய் மரங்கள்’.
தோட்டக் காலத்துக் குறிப்பேட்டில் அப்படித்தான் இருந்தது.
பார்த்து எழுதினேன்.

எட்டு டுரியான் மரங்கள், மண்டபத்துக்குப் பின்னால்.
பால்மரம் சாய்த்துச் செம்பனை வைத்தபோதும்
செம்பனை நிலத்தை விற்று வீடு எழுப்பியபோதும்
ஏனோ யாரும் கைவைக்காத எட்டு.
பழம் விழும் மாதங்களில், விடியுமுன்
டார்ச் விளக்கோடு போனவர்களில் நானும் ஒருத்தி.
சொந்தக்காரன் இல்லாத பழம் என்று
கிள்ளானில் இருக்கும் தம்பிக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அந்த இடத்தில் புட்சால் திடல்,
மாவட்ட அலுவலகம் பாதிப் பணம் தரும் என்றார் தலைவர் சிம்மாத்திரி.
கை தூக்கச் சொன்னார்.
தூக்கினோம்.

பின்வரிசையில் ஒரு கை மடியிலேயே இருந்தது.
வா ஜுனிதா. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து செமாய்க் கம்பத்திலிருந்து
கப்சாயில் வந்திருந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை கொத்தோங் ரோயோங்குக்கு ஆள் போதாமல்
நாங்கள்தான் கூப்பிட்டோம்.
பாராங் இருக்கிறதா என்று கேட்டோம்,
எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டோம்.
அவ்வளவுதான் கேட்டோம்.

மலாயில் பேசப்போகிறாள் என்று
நான் எழுதத் தயாராவதற்குள்
தமிழில் ஆரம்பித்துவிட்டாள்.
பதினொரு வருஷம் நம் பெண்களோடு நிரை பிடித்து
புல்லுக்கு மருந்தடித்த தமிழ்.
நடுநடுவே மண்டோரைத் திட்டக் கற்ற சொற்கள்.

“அதுக்கெல்லாம் பேரு இருக்கு. ஆளு பேரு.
புள்ள பொறந்தா ஒண்ணு நடுவோம்.
தொரை வந்தான், போன்னான். போயிட்டோம்.
மரத்துக்கு நடக்கத் தெரியல.”

யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றது.

“நம்மள மட்டும் என்ன கேட்டா கூட்டியாந்தான்?
வெட்டுன்னான், வெட்டுனோம்” என்றாள் அஞ்சலையம்மா,
யாரையும் பார்க்காமல்.
அதுவும் பொய்யில்லை.
லயத்தை இடித்த அன்று
சாமி படத்தோடு லாரியில் உட்கார்ந்திருந்தவள் அவள்.
வெட்டியவன் கை, வெட்டச் சொன்னவன் வாய்,
இரண்டையும் பிரித்து எழுத
குறிப்பேட்டில் கட்டம் இல்லை.

“சரி, செயலாளர் பொருள் மூன்றை வாசிக்கட்டும்.
மறுபடி ஓட்டெடுப்போம்.”

எழுந்து நின்றேன்.
காட்டாள், அடிமை,
இரண்டையும் ஒரே வாயில் துப்புகிற சொல்
என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு.
எதிரே அவள்.
எனக்கும் ஒரு சொல் உண்டு.
மூன்றாம் படிவத்தில், பேருந்து நிறுத்தத்தில்,
‘கெலிங்’ என்று முதுகில் வந்து விழுந்தது.
திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.
இன்றுவரை அந்த நிறுத்தத்தில் நான் இறங்குவதில்லை.

“பொருள் மூன்று” என்றேன்.
அதற்குமேல் வாசிக்கவில்லை.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.
பேனாவை எடுத்து அடித்தேன்,
காகிதம் கிழிகிற அளவுக்கு.
“பேருங்கள சொல்றீங்களா? எழுதிக்கிறேன்.”

லோக். அதெட். ஜெலிம்.
கால்வாய் ஓரத்தில் சாய்ந்திருப்பது மெர்லிம்.
காய்க்காதது பூரெக்.
எழுத்துக்கூட்டி எழுதினேன், அவள் இருமுறை திருத்தினாள்.
மீதி மூன்று?
“அத ஒனக்குச் சொல்லமாட்டேன்.”

மூன்று வரிகளைக் காலியாக விட்டேன்.

திடல் ஒத்திவைக்கப்பட்டது.
ரத்தாகவில்லை, சிம்மாத்திரி அதை இருமுறை சொன்னார்.
ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து நான்கு பேர் வந்தார்கள்.
கால்வாயிலிருந்து ஒரு மெத்தை,
இரண்டு கிராப் ரொட்டி டின்,
யாருடையதென்று தெரியாத பள்ளிக்கூடச் சப்பாத்து.
தேநீர் அவர்கள் குடிக்கவில்லை. ஜுனிதா குடித்தாள்,
சீனி அதிகம் என்றாள்.

நேற்றிரவு, மணி மூன்றிருக்கும்,
பின்னால் பொத்தென்று ஒன்று விழுந்தது.
“போகலையா?” என்றார் இவர், தூக்கத்தில்.
சத்தம் வந்த திசையை வைத்துச் சொன்னேன்:
“அது ஜெலிம்.”
“யாரு?”